அடிபோல்ட்டு

“போல்ட்டு மாட்டியிருக்குதுங்களாக்கா?” என்று தம்பிதுரை இரண்டாவது தடவையாகக் கேட்டான். காரின் முன்மூடியைத் தூக்கிக் குச்சி கொடுத்து நிறுத்தியிருந்தான். இடது கையில் தகரப் புனல் இருந்தது. வலது கையில் புது ஆயில் டின்.

நாச்சியம்மாள் கார் ஷெட்டின் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எஞ்சினின் அடியில் ஆயில் இறங்கும் ஓட்டையை அடைக்கிற போல்ட்டைப் பற்றி அவன் முதல் தடவை கேட்டபோதே தலையாட்டியிருந்தாள். தம்பிக்கு அது போதவில்லை போலிருந்தது.

“மாட்டியாச்சு சாமி. கழுவித் தொடச்சு எங்கையாலதான் குடுத்தேன். நீ ஊத்து.”

வீட்டுக்குள், முன்கூடத்தில், அவள் கணவன் அங்கப்பனைத் தெற்கே தலைவைத்துக் கிடத்தியிருந்தார்கள். காலையில் இதே ஷெட்டில், இதே காருக்கு அடியில் படுத்து ஆயில் மாற்றிக்கொண்டிருந்தவர் அவர். மோர் கொண்டுவந்து கூப்பிட்டபோது எழுந்து வரவில்லை. தறிக்கொட்டாயிலிருந்து ஆட்கள் ஓடிவந்து, காலைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தார்கள். அழைத்துவந்த டாக்டர் மார்பில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, மாரடைப்பு என்றார். வலி தெரிந்திருக்காது என்றும் சொன்னார். ஒரு தலைவலிக்குக்கூடப் பகலில் பாய் விரிக்காத மனிதர் அங்கப்பன்.

நாச்சியம்மாளுக்கு இன்னும் அழுகை வரவில்லை. அழவேண்டும் என்பது தெரிந்தது. சுற்றியிருந்த பெண்கள் கட்டிக்கொண்டு அழுதபோது, தன் தோள் நனைவதை மட்டும் கவனித்தாள். புருஷன் பக்கத்தை விட்டு அவள் எழுந்து வெளியே வந்ததும் யாருக்கும் பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டுச் சாமியாத்தாள் கையைப் பிடித்து உட்காரச் சொன்னாள். ஆனால் காரில் வேலை எந்த மட்டில் நின்றிருக்கிறது என்பது வேறு யாருக்குத் தெரியும்? ஆயில் மாற்றும் நாளெல்லாம் ஸ்பானரும் துணியும் எடுத்துக் கொடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் அவள்தான்.

கார் உடனே கிளம்பியாக வேண்டும். கொடுமுடிக்குப் போய் மகள் ராசாத்தாளைக் கூட்டிவர வேண்டும். சோமனூரில் இருந்த வாடகைக் கார் முகூர்த்தத்துக்குப் போய்விட்டது. பஸ்ஸை நம்பினால் பிள்ளை வந்து சேர ராத்திரியாகிவிடும்.

அவளைக் கூட்டிவருவதா என்பதிலேயே சற்று முன் பேச்சு வந்தது.

இரண்டு வருடங்களுக்கு முன் ராசாத்தாளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர, அங்கப்பன் காரைக் கழுவி, முன்னால் மாலை கட்டி, பங்காளி வீட்டுப் பெண்களை ஏற்றிக்கொண்டு கொடுமுடிக்குப் போனார். அங்கே சம்பந்தியம்மாள் கிணற்றடியில் விழுந்து இடுப்பு ஒடிந்து கிடந்தாள். அத்தையை இப்படிப் போட்டுவிட்டு வரமாட்டேன் என்றாள் மகள். அங்கப்பன் ஒரு வார்த்தை பேசாமல் காரைத் திருப்பினார். கட்டுச்சோற்றுக் கூடைகளும் கூடவே திரும்பி வந்தன. தலைப்பிள்ளையைப் பெற்றுக்கொள்ள அப்பன் வீட்டுக்கு வராத பெண் என்று ஊர் பேசியது. பேரன் பிறந்து, தவழ்ந்து, நடக்கவும் ஆரம்பித்துவிட்டான். அங்கப்பன் போய்ப் பார்க்கவில்லை. கொடுமுடி என்ற பேர் காதில் விழுந்தாலே, “வேலையப் பாரு” என்பார். கேட்ட வாய் மூடுமுன் சொல்லிவிடுவார்.

அதனால்தான் அவருடைய அண்ணன் செங்கோடன், மதியத்துக்குள் எடுத்துவிடலாம், கொடுமுடிக்கு நாளைக்கு ஆள் போய்ச் சொல்லட்டும் என்று முடிவு செய்தார். அவர் கெட்டவர் இல்லை. தம்பியின் பேச்சைத் தம்பி போன அன்றைக்கே மீறக்கூடாது என்று நினைத்தார்.

பெண்களின் நடுவிலிருந்து நாச்சியம்மாள் தலையை நிமிர்த்தினாள்.

“காத்தால சரின்னுபோட்டாருங்க மாமா.”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். காலையில் கேட்டதாகச் சொன்னாள். அவர் காருக்கு அடியில் இருந்தார், நான் வெளியே நின்றிருந்தேன், அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொடுமுடிக்குப் போய்ப் பிள்ளையையும் பேரனையும் கூட்டிவரலாமா என்று கேட்டேன், அவர் வேலையைப் பார் என்று சொல்லவில்லை, ஒன்றுமே சொல்லவில்லை என்றாள். அது எப்படிச் சரியாகும் என்று யாரும் கேட்கவில்லை. அங்கப்பனைத் தெரிந்த யாருக்கும் அது கேட்கவேண்டிய விஷயமே இல்லை. தறி வாங்கினதும் அப்படித்தான், கார் வாங்கினதும் அப்படித்தான், ராசாத்தாளைக் கட்டிக்கொடுத்ததும் அப்படித்தான். பிடிக்காததற்கு மட்டும்தான் அவர் வாயைத் திறப்பார்.

செங்கோடன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஆமா. எங்கப்பன் சாகற வரைக்கும் சொல்லுவாரு, இவன் வாயைத் தொறந்தான்னா வீட்டுல சண்டை, மூடுனான்னா கல்யாணம்னு.” ஒன்றிரண்டு பேர் அழுகையோடு சிரித்தார்கள். “அப்படின்னா புள்ளை வரட்டும். பொழுது உளுகறதுக்குள்ள வந்து சேரோணும் அம்மணி. அதுக்கு மேல வெச்சிருக்க முடியாது.”

சாமியாத்தாளும் சாட்சி சொன்னாள். நாச்சி வேலிக்கு வந்து, அவங்க சரின்னுட்டாங்க என்று முகமெல்லாம் பல்லாகச் சொன்னாள், சொல்லிவிட்டுப் போய் மோர் கடைந்தாள், மோரை எடுத்துக்கொண்டு போனவள்தான் கத்தினாள் என்று சொல்லி, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

இப்போது தம்பிதுரை புனலை எஞ்சின் வாயில் பொருத்தி டின்னைச் சாய்த்தான். மில்லில் லாரி ஓட்டுகிறவன். கை பழகிய வேலைதான். ஆயில் தேன் நிறத்தில் கனமாக இறங்கியது. வீட்டுக்குள் புதிதாக யாரோ வந்திருக்க வேண்டும். அழுகை ஒரே வீச்சில் உயர்ந்தது. அந்தச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. டின் முக்கால்வாசி காலியான பிறகுதான் அழுகை தணிந்தது. அப்போது காருக்கு அடியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. சாக்கின் மேல் கொழகொழவென்று ஏதோ விழுகிற சத்தம்.

தம்பிதுரை டின்னை நிமிர்த்தினான். இரண்டு பேரும் கீழே பார்த்தார்கள்.

அங்கப்பன் படுத்திருந்த சாக்கு நனைந்து, புது ஆயில் மண்ணில் பரவி, நாச்சியம்மாளின் காலை நோக்கி மெதுவாக வந்துகொண்டிருந்தது. ஊற்றியதெல்லாம் எஞ்சினுக்குள் நிற்காமல் அப்படியே இறங்கி வந்துவிட்டது.

அவன் மண்டியிட்டு, கையை உள்ளே விட்டுத் தடவினான். “ஓட்டை தெறந்து கெடக்குதுங்க்கா. போல்ட்டு இல்லை.”

“இருக்குமே,” என்றாள் நாச்சியம்மாள்.

அவன் மறுபடி தடவிப் பார்க்கவில்லை. கையில் வழிந்த ஆயிலைக் காட்டினான்.

தப்பு எங்கே நடந்தது என்று அவள் யோசித்தாள். காலையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். சூடாக இருந்தால்தான் பழைய ஆயில் இளகி முழுக்க இறங்கும் என்று முதலில் காரை அவினாசி ரோடு வரை ஓட்டிக்கொண்டு வந்தார். முன்சக்கரங்களைக் கட்டைமேல் ஏற்றினார். சாக்கை விரித்து அடியில் போனார். போல்ட்டைக் கழற்றி, இரும்புச் சட்டியை வைத்தார். கறுப்பாக வந்தது. கொஞ்ச நேரம் சொட்டட்டும் என்றார். போல்ட்டை வெளியே நீட்டினார். அவள் அதை மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்து, பித்தளை வாசர் வளையத்தை அதன் கழுத்தில் போட்டு வைத்தாள். “கொண்டா,” என்று கையை நீட்டினார். கொடுத்தாள். ஸ்பானரையும் கொடுத்தாள்.

அதற்கப்புறம்தான் கேட்டாள். இல்லை, கொடுப்பதற்கு முன்பே கேட்டேனோ? முன்பே கேட்டிருந்தால் நல்லது. அவள் அப்படி நினைத்துப் பார்க்க முயன்றாள். முடியவில்லை. கைத்துணியை மடித்துத் தூண் ஆணியில் மாட்டினாள், அவர் முகம் தெரியாமல் கால் மட்டும் தெரிகிற நேரத்தில் கேட்டுவிடலாம் என்று தைரியம் வந்தது, பிறகுதான் கேட்டாள். கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். வேலையப் பாரு வரவில்லை. இன்னும் கொஞ்சம் சொன்னாள். பேரன் இப்போது பேசுகிறானாம், தேருக்கு வந்தவர்கள் சொன்னார்கள், அவனுக்கு உங்க காது என்றாள். அதற்கும் பதில் இல்லை. போல்ட்டை முடுக்கிக்கொண்டே கேட்கிறார் என்று நினைத்தாள்.

முடுக்கவில்லை. மாட்டவே இல்லை.

“மச்சானை வெளிய எடுக்கறப்ப இங்கெங்காச்சும் உளுந்திருக்கும்,” என்றான் தம்பிதுரை. ஆயிலில் நனைந்த மண்ணை விரல்களால் துழாவினான். ஸ்பானர் கிடைத்தது. போல்ட்டு கிடைக்கவில்லை. அது இல்லாமல் கார் நகராது.

நாச்சியம்மாளுக்குச் சாமியாத்தாள் சொன்னது நினைவுக்கு வந்தது. கிடத்தியபோது வலது கை மட்டும் பிரியவில்லை, இறுக்கமாக மூடியிருக்கிறது, குளிப்பாட்டும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தாள்.

அவள் உள்ளே போனாள். பெண்கள் விலகி இடம் விட்டார்கள். கடைசியில் அழ வந்துவிட்டாள் என்று எண்ணி ஒருத்தி அவள் முதுகைத் தடவினாள். நாச்சியம்மாள் அங்கப்பனின் வலப்பக்கம் உட்கார்ந்து, ஆயிலில் கறுத்துப் போன அந்த முஷ்டியைத் தன் மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டாள். சுண்டுவிரலில் ஆரம்பித்தாள். அது வந்தது. அடுத்தது கொஞ்சம் அடம்பிடித்தது. நடுவிரலைப் பிரிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. அழுதுகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள்.

உள்ளங்கையில் போல்ட்டு இருந்தது. அவள் போட்ட வாசர் அதன் கழுத்திலேயே இருந்தது. அதன் மரை உள்ளங்கைச் சதையில் வரிவரியாகப் பதிந்திருந்தது.

அப்படியானால் போல்ட்டை வாங்கினார், ஓட்டைக்குக் கொண்டுபோகவில்லை. இரண்டுக்கும் நடுவில் அவருக்கு வேறு நேரமே இருந்திருக்காது. அவள் துணியை மடித்தபோதே எல்லாம் முடிந்திருக்க வேண்டும். பிள்ளையைப் பற்றிக் கேட்டதும், பேரனைப் பற்றிச் சொன்னதும், நின்று சிரித்ததும், கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலிக்கு ஓடியதும் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

“என்னது அம்மணி?” என்று வாசலில் நின்ற செங்கோடன் கேட்டார்.

“கார் போல்ட்டுங்க.”

“அட சாமி. உசுரு போறப்பக்கூட இவன் அதைத்தான் புடிச்சிருக்கறான் பாரு,” என்றார் செங்கோடன். அவர் அதற்கு மேல் ஒன்றும் யோசிக்கவில்லை. கார் வேலை தெரியாதவர்.

தம்பிதுரை யோசித்தான். அவளிடமிருந்து போல்ட்டை வாங்கிக்கொண்டவன் உடனே அடியில் போகவில்லை. போல்ட்டைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். கேட்பதா வேண்டாமா என்று தயங்கியது தெரிந்தது.

“ஏனுங்க்கா, அப்ப மச்சான் நீங்க கேட்டதை…”

“நீ மொதல்ல அதை மாட்டு,” என்றாள்.

அவன் மாட்டி முடுக்கினான். டின்னில் மிச்சம் இருந்தது கால்வாசிகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆயில் கடை திறந்திருக்காது. இரண்டு பேரும் காலையில் ஆட்கள் சுவரோரம் தள்ளி வைத்திருந்த இரும்புச் சட்டியைப் பார்த்தார்கள். காலையில் அங்கப்பன் இறக்கிய பழைய ஆயில் தார் போல நின்றது. கொடுமுடிக்குப் போய்த் திரும்புகிற வரைக்கும் இது தாங்கும், ஓட்டத்தை மட்டும் குறைத்துக்கொள்ளலாம் என்றான் தம்பிதுரை. மண்ணும் தூசும் இல்லாமல் வடிகட்ட வேண்டும் என்றான். நாச்சியம்மாள் கொடியிலிருந்து துவைத்த வேட்டியை எடுத்தாள். அது அங்கப்பனுடையது. இரண்டாகக் கிழித்தாள். கிழிகிற சத்தத்துக்கு உள்ளிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். அவள் வேட்டித் துணியைப் புனல்மேல் விரித்துப் பிடித்துக்கொண்டாள். தம்பிதுரை சட்டியைச் சாய்த்தான். கறுப்பு ஆயில் வேட்டித் துணியின் நடுவில் குழியாகத் தேங்கி, பிறகு மெல்ல உள்ளே இறங்கியது. இரண்டு பேரும் குனிந்து கீழே கவனித்தார்கள். சத்தம் இல்லை.

கார் இருமி, இரண்டு தரம் நின்று, மூன்றாவது தரம் பிடித்துக்கொண்டது. செங்கோடன் வெளியே வந்து, எந்த ரோட்டில் போனால் சீக்கிரம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். தம்பிதுரை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அக்காவைப் பார்த்தான்.

“புள்ளைகிட்ட நான் என்னன்னு சொல்லட்டுங்க்கா?”

செங்கோடன் பேச்சை நிறுத்தி அவளைத் திரும்பிப் பார்த்தார். கையில் பிடித்திருந்த வேட்டித் துண்டிலிருந்து ஒரு சொட்டு அவள் கால்விரல்மேல் விழுந்தது. இவரிடம் உள்ளதைச் சொன்னால் கார் நின்றுவிடும். மதியத்துக்குள் எடுத்துவிடுவார்கள். பிள்ளை நாளைக்கு வந்து சாம்பலைப் பார்ப்பாள்.

“மாமாகிட்ட நான் சொன்னதையே சொல்லு,” என்றாள்.

கார் போன பிறகு அவள் ஷெட்டிலேயே நின்றாள். மண்ணில் கொட்டிய புது ஆயில் வாசல் நடை வரைக்கும் வந்திருந்தது. தென்னைமரத்தடியிலிருந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளிவந்து அதன்மேல் போட்டாள். சற்று நேரத்தில் மண் ஊறிக் கறுத்தது. மறுபடியும் போய் அள்ளினாள். சாமியாத்தாள் வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டு, போதும் உள்ளே வா நாச்சி என்று கெஞ்சினாள். வருகிறவர்கள் வழுக்கி விழுந்துவிடுவார்கள் என்று சொல்லிவிட்டு, நாச்சியம்மாள் தன்னை விடுவித்துக்கொண்டாள். பைத்தியம் பிடித்துவிட்டது என்று பெண்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. இருக்கலாம் என்று நினைத்தாள்.

பொழுது தறிக்கொட்டாய் ஓட்டுக்குக் கீழே இறங்கியபோது கார் வந்தது. செங்கோடன் இரண்டு தடவை ரோட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். மருமகன் குழந்தையை வாங்கிக்கொண்டு ஆண்களோடு வெளியே நின்றுவிட்டான். ராசாத்தாள் மட்டும் உள்ளே வந்தாள். எல்லோரும் எதிர்பார்த்ததுபோல் அலறிக்கொண்டு விழவில்லை. அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். தொட்ட கையை எடுக்காமல் வெகுநேரம் இருந்தாள். பிறகு அம்மாவிடம் திரும்பினாள்.

“அப்பா சரின்னுட்டாருன்னு மாமன் சொன்னாருங்கம்மா.”

“ஆமா கண்ணு.”

“நெசமாலுமா?”

“ஆமா.”

“என்னன்னு சொன்னாரு?”

நிலைப்படியில் செங்கோடன் நின்றார். அவருக்குப் பின்னால், ஓட்டிவந்த களைப்போடு தம்பிதுரை நின்றான். அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஒன்றும் சொல்லவில்லை, பேசாமல் இருந்தார், அவர் பேசாமல் இருந்தால் சரிதானே என்று சொல்லிவிடலாம். காலையில் இந்தக் கூடத்தில் அத்தனை பேரிடமும் அதைத்தான் சொன்னாள். இப்போது அதைச் சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பேசாமையின் நடுவில்தான் அவள் இவ்வளவு நேரமும் நின்றுகொண்டிருந்தாள். பிள்ளையையும் அங்கே கொண்டுபோய் நிறுத்த முடியாது.

அவர் என்ன சொல்லியிருப்பார்? சின்னச் சின்னதாகப் பேசுகிறவர். நாச்சியம்மாள் அவருடைய குரலைத் தேடினாள். தப்பாக ஒரு வார்த்தை வந்துவிட்டால் மகளுக்குத் தெரிந்துவிடும்.

“‘அடுத்த வாரம் பொறப்படு’ன்னாரு,” என்றாள். மகளின் முகம் மாறவில்லை. இன்னும் காத்திருந்தது. “‘பையனுக்கு ஜன்னலோரம் எடம் உட்ரோணும்’னாரு.”

ராசாத்தாள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் வாய் கோணியது. அப்பாவின் தோள்மேல் முகத்தை வைத்து, முதல் தடவையாகச் சத்தம் போட்டு அழுதாள். செங்கோடன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நேரமாகிவிட்டது, தண்ணீர் எடுத்து வரலாம் என்று ஆண்களிடம் சொல்ல வெளியே போனார். தம்பிதுரையும் கூடவே போனான்.

குளிப்பாட்டுவதற்கு முன் மகள் எண்ணெய் அரப்பு வைக்க வேண்டும். சாமியாத்தாள் தலைக்குத் தேய்க்கும் அரப்பு இலைத்தூள் போட்ட கிண்ணத்தையும் ஒரு செம்புத் தண்ணீரையும் கொண்டுவந்து ராசாத்தாளின் முன்னால் வைத்தாள். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிண்ணத்தில் தண்ணீர் விட்டாள். விரலால் கலக்கிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் விட்டாள். எவ்வளவு விடவேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. அம்மாவைப் பார்த்தாள். அவள் தடுக்காததைச் சரி என்று எடுத்துக்கொண்டு, மறுபடியும் செம்பைச் சாய்த்தாள். அரப்பு கரைந்து, இளகி, கிண்ணத்தின் விளிம்புக்கு வந்தது.

நாச்சியம்மாள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். போதும் என்று அவள் சொல்லவில்லை.